லைன் இல்லாத போன்

மார்ச் 3, திங்கள்

தினமும் நாலு வரி எழுதினால் கையெழுத்து தேறும் என்று பயிற்சி மையத்து டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆறாவதோடு நின்றவளுக்கு ஐம்பத்து மூன்று வயதில் வீட்டுப்பாடம். தையல் கம்பெனியில் இருபது வருஷம் சட்டைக்கு இஸ்திரி போட்டபோது என் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள், இப்போது கேட்கிறார்கள்.

இன்று போன் பாடம். மேசையில் நாலு பழைய போன், எதற்கும் லைன் கிடையாது. டீச்சர் வாயாலேயே "ட்ரிங் ட்ரிங்" என்பார். நாங்கள் எடுத்து, "வணக்கம், விசாரணைப் பிரிவு, சொல்லுங்க" என்று சொல்லி, மனதுக்குள் ஐந்து எண்ணி, "சரிங்க, நன்றி" என்று வைக்க வேண்டும்.

"என்ன சொன்னாங்கன்னே தெரியாம சரின்னு சொல்றதா?" என்றார் லாரி அண்ணன். கண் மங்கி ஸ்டியரிங்கை விட்டவர், வயது அறுபத்திரண்டு.

"முப்பது வருஷமா வீட்ல அதைத்தானே அண்ணே பண்றீங்க" என்றேன். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

மார்ச் 5

மூத்தவள் போன் செய்தாள். "மாசக் கடைசியில ரூமைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடும்மா." அவள் வீட்டில் எனக்கு நடையில் கட்டில். பாத்ரூம் போகிறவர்கள் என் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். மருமகன் தங்கமான பிள்ளை. தங்கமான பிள்ளையும் எத்தனை நாள் மாமியார் காலைத் தாண்டுவார்? வேலை கிடைத்தால் வரமாட்டேன் என்றேன். "சரி, முப்பத்தொண்ணு வரைக்கும் பாரு" என்றாள்.

மார்ச் 11

போன் பாடத்தில் நான்தான் முதல். குரல் தேனாம். லாரி அண்ணன் குரல் இன்னும் ஹாரன்தான்.

மார்ச் 19

பெரிய ஆஸ்பத்திரி விசாரணை மேசைக்கு ஒரே ஒரு ஆள் வேண்டுமாம். நாளை ஒரு நாள் நான் உட்கார்ந்து காட்ட வேண்டும். திங்கட்கிழமை லாரி அண்ணன். நீலப் புடவைக்கு இஸ்திரி போட்டேன். அதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மார்ச் 20

போச்சு.

போன் நிஜமாவே அடிச்சுது. எடுத்தேன், வணக்கம் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ குரல். நான் பாட்டுக்கு அஞ்சு எண்ணினேன். சரிங்க, நன்றி — வெச்சிட்டேன். திரும்ப அடிச்சுது, திரும்பவும் அதே. மூணு தடவை! பேசறது காதுல விழுது, ஆனா கேக்கணும்னு தோணவே இல்ல. ஊமைப் போன்ல பழகின கை, அஞ்சு ஆனதும் தானா வெச்சிடுது. எனக்கென்ன பைத்தியமா?

பதினொரு மணிக்கு ஒரு பெரியவர் நேரிலேயே வந்தார். கையில் பிளாஸ்க். மனைவியை எந்த மாடிக்கு மாற்றினார்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம்.

"மூணு வாட்டியும் நன்றின்னு சொல்லி வெச்சிட்டியேம்மா. எதுக்கும்மா நன்றி?"

குரலில் கோபமே இல்லை. மேலாளர் பின்னால் நின்றிருந்தார். பெரியவரை மூன்றாம் மாடிவரை நானே கூட்டிப்போனேன். திரும்பி வந்தபோது என் நாற்காலியில் ஒரு நர்ஸை உட்கார வைத்திருந்தார்கள்.

மார்ச் 21

டீச்சரிடம் ஒளிக்காமல் சொன்னேன். சிரிப்பாரென்று பார்த்தால், போனின் அறுந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரி அண்ணனும் இதே குழியில்தான் விழுவார். விழட்டுமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரே நிமிஷம்தான். "செல் அடிச்சா ஆஸ்பத்திரி போன்னு நெனச்சு எடுங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் என் செல்லிலிருந்து அவர் செல்லுக்குப் போட்டேன். ஐந்து எண்ணி வைத்தார். திரும்பப் போட்டேன்.

"யோவ், பேசி முடிக்கறதுக்குள்ள வெக்கிற? உன் லாரியில ஏறினவனை நடு ரோட்ல எறக்கி விடுவியா?"

"யாரும்மா அது?"

"நோயாளியோட மாமியார்! எந்த மாடின்னு சொல்லு மொதல்ல!"

மத்தியானம் வரை விடவில்லை. காது கேட்காத கிழவரானேன், அழுகிற பெண்ணானேன். ஒன்பதாவது தடவை, "அழாதீங்கம்மா, நான் கேக்கறேன், பேரைச் சொல்லுங்க" என்றார். அப்போதுதான் பார்த்தேன், டீச்சர் கதவோரம் நின்றிருந்தார்.

மார்ச் 24

ஆஸ்பத்திரியிலிருந்து லாரி அண்ணன் கூப்பிட்டார். வேலை அவருக்குத்தான். "வணக்கம், விசாரணைப் பிரிவு" என்று ஆரம்பித்தார். ஐந்து எண்ணி, நன்றி சொல்லி வைத்தேன். திரும்பக் கூப்பிட்டுத் திட்டினார்.

மார்ச் 29

இரண்டு மூட்டை கட்டியாயிற்று. இஸ்திரிப் பெட்டி அடியில்.

மார்ச் 31

சாயங்காலம் டீச்சர் போன். "மையத்துக்கு லைன் இழுத்துட்டோம். அந்தப் பக்கத்துலேர்ந்து பேச ஒரு ஆள் வேணும், சம்பளத்தோட. நீங்க வர்றீங்களா?"

கடைசி வரை கேட்டேன். எண்ணவில்லை.

ஏப்ரல் 2, புதன்

இன்று ஏழு பேரைத் திட்டினேன், மூன்று பேரிடம் அழுதேன். பயிற்சிக்குப் புதிதாய் வந்த காவல்காரர் ஐந்து எண்ணி வைத்தார். திரும்பப் போட்டேன்.

மூத்தவளிடம் சொன்னேன். "திட்டறதுக்கா சம்பளம்?" என்றாள். இத்தனை வருஷம் வீட்டில் சும்மா செய்தது என்றேன்.

நாளைக்குப் புடவை வேண்டும். இஸ்திரிப் பெட்டியை எடுக்க மூட்டை முழுவதையும் அவிழ்க்க வேண்டியதாகிவிட்டது.