அந்தப் பெயரில் ஒரு நாடு இல்லை

கோவில்பட்டி,
10.2.2025

அன்புள்ள மாயகிருஷ்ணன் அண்ணனுக்கு,

யோகலட்சுமி எழுதுவது. உங்கள் போனை எடுப்பதில்லை என்று வருத்தப்படாதீர்கள். எடுத்தால், ஜனவரி 27 அன்று அவரும் நீங்களும் வேலை பார்த்த கிடங்கில் சரக்கு அடுக்கு சரிந்து அவர் போய்விட்டார் என்றுதான் மறுபடியும் சொல்வீர்கள். காதால் கேட்க முடியவில்லை. எழுத்து என்றால் மூடி வைத்துவிடலாம்.

நீங்கள் அனுப்பிய இறப்புச் சான்றிதழ் வந்தது. பெயர் மணிராஜ். பிறந்த தேதியும் சரி. ஆனால் தலைப்பில் நாடு ‘மக்யரோர்சாக்’ என்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் போனது ஹங்கேரிக்கு. வேலை உத்தரவை நானே நகல் எடுத்தேன். தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் ஆறு வருஷமாக இருக்கிறேன். ஓர் எழுத்து தப்பினாலே மனு திரும்பி வரும். இங்கே ஒரு நாடே மாறிக் கிடக்கிறது.

ஏஜெண்டைக் கேட்டதற்கு, “ரெண்டும் ஒண்ணுதாம்மா. அவிய பாஷையில அப்படித்தான் எழுதுவாவ” என்கிறார். செத்தது வேறு யாரோ. விசாரித்து எழுதுங்கள். குளிரில் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

தங்கை,
யோகலட்சுமி


மிஷ்கோல்ட்ஸ், ஹங்கேரி,
18.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

விசாரிக்க ஒன்றும் இல்லையம்மா. இரண்டும் ஒரே நாடுதான். இந்த ஊர்க்காரர்கள் தங்களை மஜார் என்று சொல்லிக்கொள்கிறார்கள்; நீங்கள் ‘மக்யர்’ என்று படித்தது அதைத்தான். அந்த நீளச் சொல்லின் பின்பாதிக்கு நாடு என்று பொருள். வெளியில் இருந்தவர்கள் எந்தக் காலத்திலோ வேறொரு கூட்டத்தின் பெயரை இவர்கள்மேல் ஒட்டிவிட்டார்கள். அது ஹங்கேரி ஆகிவிட்டது. ஜெர்மனியை இவர்கள் நேமெத் நாடு என்கிறார்கள். ஊமை என்ற பழைய சொல்லிலிருந்து வந்ததாம். பேச்சு புரியாததால் பக்கத்து ஊர்க்காரன் அப்படி வைத்த பெயர்.

நம் பக்கமும் இது உண்டு. புதூரில் எங்கள் வீட்டில் தெலுங்குதான். தமிழ் பேசுகிறவர்களை என் அம்மா ‘அரவவாள்ளு’ என்பாள். உங்களில் யாராவது தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வீர்களா? அதற்காக நீங்கள் வேறு ஆள் ஆகிவிடுவீர்களா?

மாப்பிள்ளையை நான் பார்த்தேன். இடது புருவத்தில் தழும்பு. அவனேதான். பிணவறையில் மூன்று வாரமாகக் கிடக்கிறான். மார்ச் இருபதுக்குள் உங்கள் சம்மதக் கையெழுத்து வராவிட்டால் இங்கேயே புதைத்துவிடுவார்கள். கையெழுத்துப் போடு தாயே.

அண்ணன்,
மாயகிருஷ்ணன்


கோவில்பட்டி,
26.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பெயர் விஷயம் புரிந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

நீங்கள் செய்தி சொன்ன மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் நம்பருக்கு அடித்தேன். எடுத்தார். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. “ஏங்க, இன்னும் கோவமா?” என்றேன். கிளம்பும் அன்று சண்டையில், “அங்கனயே கெடங்க, திரும்பி வராண்டாம்” என்று சொல்லியிருந்தேன். அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். போன் அணையவில்லை.

அன்றிலிருந்து தினமும் பேசுகிறேன். மழை இல்லாமல் உளுந்து காய்ந்ததை, மாடி வீட்டு அக்கா வந்து துணைக்குப் படுப்பதை எல்லாம் சொல்வேன். பெற்ற தாய்க்கும் தெரியாத ஒன்றையும் போன வாரம் சொல்லிவிட்டேன். அன்று அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது.

செத்தவர் அழுவாரா அண்ணே? அவருக்கு ஏதோ சிக்கல், ஒளிந்திருக்கிறார். நீங்களும் அதற்கு உடந்தை. அப்படி இருந்தால் நான் கோபிக்க மாட்டேன்.

தங்கை,
யோகலட்சுமி


மிஷ்கோல்ட்ஸ்,
5.3.2025

தங்கச்சிக்கு,

அது நான்.

அவன் சாமான்களோடு போனையும் என்னிடம் கொடுத்தார்கள். முதல் நாள் உங்களிடம் மறுபடியும் எடுத்துச் சொல்லத்தான் எடுத்தேன். “ஏங்க” என்று நீங்கள் கூப்பிட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் முடியவில்லை. நான் எடுக்காவிட்டால் நீங்கள் ஏதாவது செய்துகொள்வீர்களோ என்ற பயம்.

அது முழு உண்மை இல்லை. உங்களுக்கு ஆறு மணி என்றால் இங்கே சாப்பாட்டு நேரம். எனக்கென்று கூப்பிட யாரும் இல்லை. போகப் போக அந்த நேரத்துக்காகப் போனைச் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மண்ணைப் பார்க்காமலே போன அந்தப் பிள்ளையைப் பற்றி நீங்கள் சொன்ன அன்று அழுததும் நான்தான். அது என்னோடு போகும்.

பெட்டியோடு திருவனந்தபுரம் வருகிறேன். வீட்டுக்கு வந்து உங்கள் காலில் விழுகிறேன். இப்போதாவது கையெழுத்துப் போடுங்கள்.

மாயகிருஷ்ணன்


கோவில்பட்டி,
13.3.2025

மாயகிருஷ்ணன் அவர்களுக்கு,

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கூரியர் பதினெட்டாம் தேதிக்குள் கிடைக்கும் என்றார்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றும் ஆறு மணிக்குக் கை போனைத் தேடியது. அடித்துவிட்டேன். இரண்டாவது மணியில் நிறுத்தினேன். நீங்கள் எடுத்திருப்பீர்கள். அந்தப் போனை அணைத்து அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.

திருவனந்தபுரத்துக்கு என் தம்பி அருண்பாண்டியன் வருவான். பெட்டியை அவனிடம் ஒப்படையுங்கள். அங்கிருந்து நீங்கள் நேரே புதூருக்குப் போய்விடுங்கள். என் வீட்டுக்கு வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் வந்தால் வாசலில் பேசாமல்தான் நிற்பீர்கள். நான் மறுபடியும் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

ம. யோகலட்சுமி