மடிப்பு மாறிய நடை

2000 பிப்ரவரி 3, வியாழன்

எங்கள் அனிமேஷன் படத்தின் கடைசிக் காட்சியை வரைந்து முடித்தேன். நூற்று எண்பத்தாறு தாள், அத்தனையும் என் ஒருத்தியின் கை. திரையுலகை விட்டு ஒதுங்கிய நடிகை தன் நினைவுகளுக்குள் நடந்துபோகிறாள், படம் முடிகிறது. வசனமே இல்லை, வெறும் நடை. பதினைந்து நொடிதான் ஓடும். இந்த ஸ்டுடியோவில் வேறு யாராவது இதை வரைந்திருக்க முடியுமா? முடியாது. தற்பெருமைதான், ஆனால் டைரி என்னுடையதுதானே.

போன வாரம் இயக்குநர் ஹிருகாவா வந்து, "வலப்பக்கம் போறவளை இடப்பக்கம் போகவைங்க மினேகிஷி. அப்பதான் கண்ணுக்குச் சரியாப் படுது" என்றார். மறுபடி முதலிலிருந்தா? தாளைத் திருப்பிப்போட்டு, அடியில் விளக்கெரியும் மேசையில் வைத்து, அப்படியே கோடிழுத்துவிட்டேன். நான்கே நாள். சாயம் பூசும் பிரிவில் இன்று வருடாந்தரப் பேய் விரட்டும் சடங்கு என்று வறுத்த சோயாப் பயறை வீசி எறிந்தார்கள். ஒன்று என் தேநீரில் விழுந்தது. சேர்த்தே குடித்தேன்.

பிப்ரவரி 10, வியாழன்

சாயம் பூசி முடித்த காட்சியைச் சாகிமோரி இட்சுவே அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். எழுபத்து மூன்று வயது. ஒருகாலத்தில் நாடே கொண்டாடிய நடிகை, முப்பத்தொரு வயதில் நடிப்பை விட்டவர். எங்கள் கதை அவருடைய நினைவுகளை வைத்துத்தான். படத்தில் வரும் கிழவிக்குக் குரலும் அவர்தான் கொடுக்கப்போகிறார். பாதி ஓடுவதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, எனக்கு இன்னும் மூச்சு ஓடிட்டுத்தானே இருக்கு? அதுக்குள்ள பெட்டியில படுக்க வச்சிட்டீங்களே!"

கிமோனோ! இடது மடிப்பு மேலே வரவேண்டும். தாளைத் திருப்பியதில் வலது மேலே வந்துவிட்டது. அது பிணத்துக்கு உடுத்தும் விதம். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் பார்க்கவில்லை, ஹிருகாவா பார்க்கவில்லை, சாயம் பூசிய ஒன்பது பேரும் பார்க்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மடிப்பை மட்டும் மாற்றி ஒட்டுப்போட்டால் துணி விழும் விதமே பொய்யாகிவிடும். எல்லாவற்றையும் புதிதாகத்தான் வரையவேண்டும்.

"இருபத்து நாலாம் தேதிக்குள்ள வரலைன்னா இந்தக் காட்சியே வேண்டாம். அசையாத படம் ஒண்ணைப் போட்டு முடிச்சுடறேன்" என்றார் ஹிருகாவா.

"வரும் சார்."

குரல் நடுங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் நாளை எண்ணிப் பார்த்தேன், பதினான்கு.

பிப்ரவரி 11, வெள்ளி

விடுமுறை. வரைந்தது பதினொன்று. கிழித்தது ஒன்பது.

பிப்ரவரி 13, ஞாயிறு

காமகுராவில் இட்சுவே அம்மா வீட்டுக்குப் போனேன். "ஒரு தடவை நடந்து காட்டுங்கம்மா, பார்த்து வரையணும்" என்று கேட்டேன். கிமோனோ கட்டிக்கொண்டு கூடத்தில் மூன்று முறை நடந்தார். பழைய படங்களில் பார்த்த அதே நடை, ஒரு இம்மி பிசகவில்லை. வரைந்து தள்ளினேன். "நீ வரை, நான் டீ போடறேன்" என்று உள்ளே போனார்.

தற்செயலாகத்தான் நிமிர்ந்தேன். சுவரில் கையை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தார். திரும்பினார்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்மா."

"ஐம்பத்தெட்டுல படப்பிடிப்புல குதிரையிலேருந்து விழுந்தேன். பத்து அடி நேரா நடப்பேன். பதினோராவது அடி காட்டிக்கொடுத்துடும். யாரையோ காதலிச்சு சினிமாவை விட்டேன்னு பத்திரிகைக்காரன் எழுதினான். இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். காதல்னா கௌரவம், கால்னா பரிதாபம்." பிறகு விரலை நீட்டினார். "இதை வரைஞ்சியோ, என் குரல் உனக்குக் கிடையாது. உன் இயக்குநருக்கும் கிடையாது."

டீ நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாய்க்குமேல் என்னால் குடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 15, செவ்வாய்

நேர் நடையை நாற்பது தாள் வரைந்து ஓட்டிப் பார்த்தேன். அழகு. மடிப்பும் சரி. ஆனால் உயிரில்லை. எங்கேயோ பார்த்த பழைய சினிமா, அவ்வளவுதான்.

என்ன பண்றது இப்போ? அந்தக் கால் மனசை விட்டுப் போகமாட்டேங்குது. வரைஞ்சா குரல் போச்சு, வரையலைன்னா — படத்துல வர்ற கிழவி ஏன் நடக்கறா, எங்கே போறா? ஒண்ணுமே இல்லையே!

கால் இழுபடும் நடையையும் வரைகிறேன். ஆனால் திருட்டுத்தனமாக எதையும் படத்தில் நுழைக்கமாட்டேன். அவரிடமே காட்டுவேன். வேண்டாமென்றால் அவர் கண்முன்னே கிழித்துப்போடுவேன்.

பிப்ரவரி 17, வியாழன்

இரண்டையும் வெறும் பென்சில் கோடாகவே ஓட்டிக் காட்டினேன். நேர் நடையைப் பார்த்துத் தலையாட்டினார். மற்றது ஓடியதும் முகம் இறுகிவிட்டது. திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

"மறுபடி போடு."

போட்டேன். நான்கு தடவை. ஐந்தாவது தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"கால் இழுக்கறப்ப தோள் முன்னாடி போகும். அதை விட்டுட்டே."

"அப்போ குரல்..."

"முதல்ல தோளைச் சரி பண்ணு."

பிப்ரவரி 23, புதன்

நூற்று எண்பத்தாறு. இழுபடும் காலும் சரி, தோளும் சரி. ஒரு நாள் மிச்சம்.

ஜூன் 8, வியாழன்

கின்சாவில் படத்தின் முதல் காட்சி. கிழவிக்குக் குரல் இட்சுவே அம்மாதான். நாற்பது வருடமாக எந்த விழாவானாலும் இட்சுவே அம்மா கதவு திறக்கும் முன்பே வந்து உட்கார்ந்துவிடுவாராம். கூட்டம் கலைந்த பிறகுதான் எழுந்திருப்பாராம். "பெரிய நடிகையோட திமிர்" என்று ஹிருகாவாவே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஏனென்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

படம் முடிந்து, விளக்கு வந்து, மேடையிலிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கை இருக்கைக்கே கொண்டுபோக ஆள் தயாராக நின்றான். அவனைக் கையமர்த்திவிட்டு எழுந்தார். பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, "மினேகிஷி, இங்க வா" என்றார். ஓடினேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நானூறு பேர், இருபது கேமரா. பத்து அடி நேராக நடக்கக்கூட அவர் முயலவில்லை. முதல் அடியிலேயே வலது கால் தரையில் இழுபட்டது. பதற்றத்தில் நான்தான் வேகமாகப் போயிருக்கிறேன்.

"என்ன அவசரம்?" என்றார் காதோரம். "நீ வரைஞ்ச வேகத்துலயே போலாம்."

நடையைக் குறைத்துக்கொண்டேன்.