வெயிலில் வெளுத்த சாயத்தண்ணீர்

பிப்ரவரி 11, 2025
வெளுத்துவிட்டது! கப்பலூர் சாயப்பட்டறைத் தண்ணீர் காலையில் நாவல்பழச் சாறு போலிருந்தது. டைட்டானியம் டை ஆக்சைடு நானோ பொடியைக் கலந்து கல்லூரி மொட்டைமாடியில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் நிறமே இல்லை. வெயில் பட்டால் அந்தப் பொடி சாயத்தை உடைத்துவிடும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கண்ணால் பார்த்ததும் மாடியில் ஒரு சுற்று ஆடினேன். விலங்கியல் துறை கிரிதர் பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.

பிப்ரவரி 13
பட்டறை முதலாளி முத்துத்தாய் அக்கா வந்தார். கழிவுநீரை அப்படியே வெளியே விட்டதற்காகப் பட்டறைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். "ஆத்தாடி, இம்புட்டுத் தெளிவா! மது, இந்தப் பொடியில ஒரு மூடை குடு, நாளைக்கே தொட்டியில கொட்டுறேன்." தலையாட்டிவிட்டேன். வில்லாபுரம் வரை பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட் அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

பிப்ரவரி 18
தெளிந்த தண்ணீரில் ஒரு பாட்டில் கிரிதரிடம் கொடுத்திருந்தேன். அதில் நீர்த்தெள்ளுகளை விட்டாராம். கடுகைவிடச் சின்ன உயிர்கள். பாதிக்கு மேல் செத்துவிட்டன. நல்ல தண்ணீரில் பொடியை மட்டும் கலந்தாலும் அதே கதி.
"சாயம் போயிருச்சுங்க, பொடி போகலையே. வடிதாள்லகூட நிக்காது. கம்மாய்க்குப் போனா என்னாகும்?"
பொறாமை, வேறென்ன? பூச்சி எண்ணுற ஆளுக்கு என்ன தெரியும்? நான் கேட்டேனா இவரை? — கேட்டேன். நான்தானே பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏன், அவர்கிட்ட மட்டும்?

பிப்ரவரி 19
பொடி தர முடியாது என்று அக்காவிடம் சொன்னேன். "இதை நம்பி எத்தனை குடும்பம் இருக்கு, தெரியும்ல?" போனை வைத்துவிட்டார்.

மார்ச் 6
பொடியைக் கலக்காமல் கண்ணாடியில் பூசி, உலையில் சுட்டு ஒட்டவைக்கப் போகிறோம். 'போகிறோம்' — ஆமாம், கிரிதரும். பொடியை நிறுக்கும்போது முகக்கவசத்தை நீட்டினார். "மூச்சுல போயிரக்கூடாதுங்க." நாடா என் காதோரம் சிக்கிக்கொண்டது, எடுத்துவிட்டார். எவ்வளவு நிறுத்தேன் என்பதே மறந்துபோய், மறுபடி நிறுத்தேன்.

மார்ச் 14
பூச்சு உரிந்துவிட்டது. சிரிப்பு வருகிறது. எனக்கு என்ன ஆச்சு?

மார்ச் 27
இந்த முறை பூச்சு நின்றது. சாயம் போக முன்னைவிட அதிக வெயில் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரில் விட்ட நீர்த்தெள்ளுகள் அத்தனையும் துள்ளுகின்றன! இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து தலையை முட்டிக்கொண்டோம். "மது, நீ கெட்டிக்காரி" என்றார்.
நீ!

ஜூன் 9
பட்டறைப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். கண்ணாடி பதித்த தொட்டிக்கு அக்கா சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறார். தண்ணீரை மாதாமாதம் நாங்கள் சோதிக்க வேண்டும் என்பது திறந்தவர்களின் நிபந்தனை. "ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயா வாரீக?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காபி கொண்டுவரப் போய்விட்டார்.

வீட்டில் சொல்லிவிட்டேன்.
"பையன் என்ன பண்றாரு?" — அப்பா.
"நான் செய்யுறதுல தப்பு கண்டுபிடிக்கிறாருப்பா."
அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அது கல்யாணத்துக்கு அப்புறம்ல நடக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை கிரிதர் வீட்டிலிருந்து வருகிறார்கள்.