மாட்டுக்கொட்டகையில் கிடைத்த தகடு

என் கண்ணு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவுக்குத் தலையில் தையல் போட்டிருக்கிறது. பிழைத்துக்கொள்வார், பதறாதே.

நீ சவுதியிலிருந்து அனுப்பும் பணத்தில் கட்டுகிற வீட்டுக்காகப் பழைய மாட்டுக்கொட்டகையில் அஸ்திவாரம் தோண்டினோம். மண்வெட்டியோடு ஒரு மண்டை ஓடு வந்தது. பின்பக்கம் பிளந்திருந்தது. மேலும் தோண்ட, கை எலும்புகள் இரண்டையும் கம்பியால் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் பட்டாளத்துத் தகடு. உன் தங்கை துடைத்துப் படித்தாள்: சுல்தான் கனி.

பர்மாச் சண்டையில் இறந்தவர்களுக்காகக் கடைத்தெருவில் வைத்த கல்லில் இருக்கும் அதே பெயர். உன் பாட்டனாருக்கு அண்ணன். வருஷா வருஷம் ஃபாத்திஹா ஓதி, ஊருக்கே நெய்ச்சோறு போடுகிறோமே, அவர்தான்.

"சண்டையிலேர்ந்து ஓடியாந்துட்டாரு. குடும்ப மானம் போயிடும்னு எங்க வாப்பாதான் மம்பட்டியால அடிச்சாங்க. மண்ணத் தள்ளி மூடு" என்றார் உன் வாப்பா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முதலாளி இஸ்திரிப்பெட்டியால் உன் முதுகில் சுட்டதாக எழுதியிருந்தாயே, அதையும் இழுத்தார். "வேலைய விட்டு இவன் ஓடியாந்தாலும் இதே குழிதான்" என்றார். சொல்லிவிட்டுக் குழியை எட்டிப் பார்க்கக் குனிந்தார். மண்வெட்டி என் பக்கத்தில் இருந்தது.

கல்லில் விழுந்துவிட்டதாக டாக்டரிடம் சொன்னேன். உன் வாப்பாவும் அப்படியேதான் சொல்கிறார்.

கனியை மையவாடியில் தொழுகை நடத்தி, கிப்லாத் திசை பார்த்து அடக்கிவிட்டோம். கொட்டகைக் குழியை நானே மூடினேன்.

பாஸ்போர்ட் முதலாளியிடமே கிடக்கட்டும். நீ தூதரகத்துக்கு ஓடு, அங்கிருந்து வீட்டுக்கு ஓடி வா. கதவை நான்தான் திறப்பேன். மண்வெட்டியைக் கழுவிக் கதவுக்குப் பின்னால்தான் சாத்தி வைத்திருக்கிறேன்.

உன் உம்மா