மூஸ் வேட்டைக்குப் போற இரண்டாவது ஆள்

இஞ்சாருங்கோ,

கோழிக்கறி ஃப்ரிட்ஜுக்குள்ளை இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ. பிரஷர் குளிசையை மறக்காதேங்கோ.

நியூஃபவுண்ட்லாந்திலையிருந்து உங்கடை வேட்டை வழிகாட்டி போன் எடுத்தவர். வெளி மாகாண ஆக்கள் வழிகாட்டி இல்லாமல் மூஸ் மான் சுடக்கூடாதாம், அதாலை தானே எயார்போட்டுக்கு வாறாராம். "மிஸிஸ் தயாபரன், நீங்கள் கேட்ட ஆறாம் சைஸ் பூட்ஸும் எடுத்து வைச்சிட்டன்" எண்டார்.

என்ரை சைஸ் எட்டெல்லோ!

உங்களோடை வாறது வேலையிடத்து நகுலேசன் எண்டுதானே சொன்னனீங்கள்? அவருக்கு எடுத்துக் கேட்டன். "வேட்டையோ? எனக்கொண்டும் தெரியாதே அக்கா" எண்டார்.

நான் பிக்கரிங்கிலை தங்கச்சி வீட்டை போறன். கார் என்னட்டை. நாளைக்கு பஸ்ஸிலை வேலைக்குப் போங்கோ.

வதனி

பி.கு.: வேட்டைத் துவக்கு எண்டால் எனக்கு இப்பவும் பயம், தெரியும்தானே. எண்டாலும் நான் கட்டாயம் வாறன் எண்டு வழிகாட்டியிட்டைச் சொல்லிப்போட்டன். வரவேண்டாமெண்டு அந்த ஆறாம் சைஸ்காரிக்கு நீங்களே சொல்லுங்கோ.