திரும்பும் தேதி

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் அண்ணன் ஜோஷ்வா கொடுத்தனுப்பிய சம்மதக் கடிதம் வந்தது. பாப்பாவின் ஜெர்மனி விசாவுக்கு அப்பன் கையெழுத்து வேண்டும் என்றதும்தான், போடியில் இருக்கும் உங்கள் வீட்டாருக்குக் கூடலூரில் நான் ஒருவன் இருப்பது ஞாபகம் வந்திருக்கிறது.

உத்தமபாளையத்தில் நோட்டரி வக்கீல் படித்துவிட்டு, "போற தேதி இருக்கு, பிள்ளையும் அம்மாவும் எப்பத் திரும்புறாகன்னு இல்லையே சார்?" என்றார். டிக்கெட் இன்னும் போடவில்லை என்று உனக்காகப் பொய் சொன்னேன்.

ஜெர்மனியில் உன் அக்கா வீட்டில் கிறிஸ்துமஸ், அவ்வளவுதான் என்றாய். நேற்று போனில் பாப்பா, "அப்பா, அங்கன ஸ்கூலுக்கு யூனிஃபார்மே கிடையாதாம்ல!" என்றாள். லீவுக்குப் போகிற பிள்ளைக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி யார் சொன்னது? ஸ்வெட்டர் எடுத்து வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

கையெழுத்துப் போடாவிட்டால், பெரியம்மா வீட்டுக்குப் போகவிடாத அப்பன் என்று அவளிடம் காலமெல்லாம் சொல்வீர்கள். போட்டுவிட்டேன். முத்திரையும் விழுந்துவிட்டது.

திரும்பும் தேதிக்கான இடத்தில், இங்கே பள்ளி திறப்பதற்கு முந்தைய நாளைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அதன்மேல் நீயே பேனாவால் எழுது. அழிப்பதானாலும் நீயே அழி. உன் அண்ணனிடம் கொடுக்காதே.

பாப்பாவின் அப்பா