காப்பர்-டி சீட்டில் ஒரே கையெழுத்து

அன்பு மகள் ரெஜினாவுக்கு,

அப்பா என் கையாலேயே எழுதுகிறேன், பார்! இப்போதுதானே எழுதப் படிக்கக் கற்றேன், இதை எழுதி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

ஞாயிறு சர்ச் முடிந்து உன் மாமியார் வந்தார். பிரசவத்தில் போன ரத்தம் ஊறும்வரை அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட நீ காப்பர்-டி போட்டுக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ரெண்டும் பொண்ணாப் பூடுச்சி. அத்த எடுக்கச் சொல்லுங்க சம்பந்தி."

நீ இங்கே விட்டுப்போன ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். சம்மதம் என்ற இடத்தில் உன் கையெழுத்து மட்டும் இருந்தது.

"இதுல என் பேரு இல்லிங்களே. நான் இன்னா சொல்றது?"

"படிக்கத் தெரிஞ்சதும் பேச்சு ஜாஸ்தி!" என்று போய்விட்டார்.

உன் அம்மாவின் கருத்தடை ஆபரேஷனுக்கு நான்தான் கைநாட்டு வைத்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்றுதான் அவளிடம் அதைச் சொன்னேன். "இப்பவாவது தோணிச்சே" என்றாள்.

நீ யாரையும் கேட்க வேண்டாம்.

எழுதியது,
உன் அப்பாவேதான்